சைக்கிளுக்கும் உண்டோ காப்பீடு?



சென்ற மாதங்களில் வந்த கடிதங்களில் இரண்டு, ஒரே காரியத்தைப் பற்றியவை. லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். அவருடைய மகன் ஒயிட்ஃபீல்டில் கணினித் துறையில் வேலை பார்க்கிறவர்; ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்துச் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். "நான் கல்யாணம் ஆன வருஷத்தில் வாங்கிய ஸ்கூட்டரைக் காட்டிலும் இதன் விலை எத்தனையோ மடங்கு அதிகம். ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. இதற்கு உண்டா?" என்பது அவருடைய கேள்வி. மற்றக் கடிதம் ஈஜிபுராவிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவருடைய கணவர் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறார். பெட்ரோல் செலவு தாங்காமல், தவணை முறையில் நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பேட்டரி சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். "அது திருட்டுப் போனால் தவணையும் நிற்காது, வேலையும் நிற்கும்; என்ன செய்வோம்?" என்று கேட்டிருக்கிறார்.

ஒருவருக்கு அது பொழுதுபோக்கு, மற்றவருக்கு அது அடுப்பெரியும் வழி. விலையுயர்ந்த சைக்கிள் என்றால் லட்சக்கணக்கில் விற்பதுதான் என்று நினைக்க வேண்டாம். எவனுடைய மாத வருமானத்தைவிட அவனுடைய சைக்கிள் விலை அதிகமோ, அவனுக்கு அது விலையுயர்ந்த சைக்கிள்தான். ஆகவே இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

காப்பீடு எடுப்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் நம் சபைகளில் இன்னும் சிலர் உண்டு. அவர்களும் ஸ்கூட்டருக்கு எடுத்துத்தான் இருக்கிறார்கள். எடுக்காவிட்டால் போக்குவரத்துப் போலீசார் விடமாட்டார்கள்! அந்த விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. இங்கே கேள்வி, எடுக்க விரும்புகிறவனுக்கே ஏன் அது எளிதாய்க் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் இழப்பு நேரிட்ட நாளில் ஏன் பணம் வருவதில்லை என்பதே.

மோட்டார் வாகனத்தின் காரியத்தை முதலில் பாருங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146-ஆம் பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது. வாகனத்துக்கு எண் பலகை உண்டு, பதிவுச் சான்று உண்டு, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அரசாங்கக் கணினியில் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அதன் மதிப்பு எவ்வளவு குறையும் என்பதற்கும் அட்டவணை உண்டு: ஆறு மாதம் வரை நூற்றுக்கு 5, ஓராண்டு முடியும்வரை 15, இரண்டாம் ஆண்டில் 20, இப்படியே ஐந்தாம் ஆண்டில் 50. கோடிக்கணக்கானவர்கள் கட்டாயத்தினால் பிரீமியம் செலுத்துகிறபடியால், சிலருடைய இழப்பைப் பலருடைய பணம் தாங்குகிறது.

சைக்கிளுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம் அல்ல. பேட்டரி சைக்கிளும் அப்படியே: மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் சக்தி 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாயிருந்து, மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போது அதன் உதவி நின்றுபோகுமானால் அதற்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம், கட்டாயக் காப்பீடும் வேண்டாம். கேட்பதற்கு இது சுதந்திரமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம், உங்கள் சைக்கிள் உங்களுடையதுதான் என்று சொல்ல நாட்டில் ஓர் ஏடும் இல்லை என்பதாகும்.

என் வயதுடையவர்களுக்கு ஒரு காரியம் நினைவிருக்கும். நம்முடைய ஊர்களில் நகராட்சியும் பஞ்சாயத்தும் சைக்கிளுக்கு வரி வாங்கின காலம் அது. வரி கட்டினதற்கு அடையாளமாக எண் பொறித்த சிறு தகட்டு வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். அதைக் கைப்பிடிக்கருகே மாட்டிக்கொண்டு திரிந்தோம். வில்லை இல்லாமல் பிடிபட்டால் அபராதம்; இரவில் விளக்கில்லாமல் போனாலும், இருவர் ஏறிப் போனாலும் அபராதம். அந்த வரி பெருந்தொல்லை என்று எல்லாரும் முறுமுறுத்தோம். ஆனால் அன்று சில நூறு ரூபாய்ச் சைக்கிளுக்கு ஓர் எண்ணும் ஓர் உடையவனும் அலுவலக ஏட்டில் இருந்தார்கள். இன்று மூன்று லட்ச ரூபாய்ச் சைக்கிளுக்கு அது இல்லை.

இனி காப்பீட்டு நிறுவனத்தின் நாற்காலியில் சற்று உட்கார்ந்து பாருங்கள். அவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்களுடைய சங்கடத்திலும் நியாயம் உண்டு. ஒருவர் வந்து, "என் சைக்கிள் இரண்டு லட்சம், அது திருட்டுப் போயிற்று" என்கிறார். அப்படி ஒரு சைக்கிள் இருந்ததா? இருந்தது என்றால் பில் எங்கே? பில் இருந்தால், திருட்டுப் போனது அதுதானா, அதை நண்பருக்கு விற்றுவிட்டு வந்து கேட்கிறாரா? விலையுயர்ந்த சைக்கிள்களில் பல கடையில் முழுதாய் வாங்கப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஃபிரேம் ஒரு கடையில், சக்கரங்கள் வேறொரு கடையில், கியர் வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனரின் பெட்டியில் என்று சேர்த்துப் பூட்டுகிறார்கள். இரண்டாம் கையாக வாங்கினவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இராது.

கார்பன் இழையால் செய்த ஃபிரேமில் இன்னொரு தொல்லை உண்டு. இரும்பு வளையும், அலுமினியம் நசுங்கும். பார்த்தவுடன் சர்வேயர் எழுதிக்கொள்வார். கார்பனோ வெளியே மேற்பூச்சில் ஒரு கீறல் மட்டும் காட்டிவிட்டு உள்ளே அடுக்கு அடுக்காய்ப் பிரிந்து நிற்கக்கூடும். கண்ணால் பார்த்து, "பழுது இல்லை" என்றும் சொல்ல முடியாது, "முழுவதும் போயிற்று" என்றும் சொல்ல முடியாது. அதில் ஏறி மலையிறக்கத்தில் வருகிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நிறுவனத்துக்கு அது தீராத வாக்குவாதம். (ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைக்குச் சைக்கிளில் புறப்படுகிற நம் வாலிபர்களைப் பற்றியும் எனக்குச் சில காரியங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. அது வேறொரு மாதத்துக்கு.)

மேலும், கட்டாயம் இல்லாத இடத்தில் யார் காப்பீடு எடுக்க வருகிறார்கள்? பூட்டிய அறைக்குள் சைக்கிளை வைத்திருக்கிறவர் வருவதில்லை. தெருவில் நிறுத்துகிறவரும், ஏற்கெனவே ஒருமுறை பறிகொடுத்தவரும் வருகிறார்கள். இழப்புக்கு அதிக வாய்ப்புள்ளவர்கள் மட்டும் கூடினால் பிரீமியம் உயரும். உயர்ந்தால் மற்றவர்கள் இன்னும் விலகிப்போவார்கள். இதனால்தான் மிதிவண்டிக்கென்று தனிப் பாலிசி விற்க முன்வந்த நிறுவனங்கள் நம் நாட்டில் சிலவே.

"எங்கள் வீட்டுக்கு வீட்டுக் காப்பீடு இருக்கிறது, சைக்கிளும் வீட்டுப் பொருள்தானே" என்று நீங்கள் சொல்லலாம். இங்கேதான் அநேகர் ஏமாந்துபோகிறார்கள். 1 ஏப்ரல் 2021 முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவின்படி, நாடெங்கும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொது வடிவிலான வீட்டுக் காப்பீடு விற்கப்படுகிறது. நல்ல பாலிசிதான். தீ, வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் முதலியவற்றுக்கு அது பொருந்தும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அதன் தொகையில் நூற்றுக்கு 20 வீதம், 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுப் பொருள்களும் தாமாகவே அதில் அடங்கும். ஆனால் திருட்டு? அப்படிப்பட்ட ஓர் ஆபத்து நேரிட்டு, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. வெள்ளம் வந்து நீங்கள் வீட்டை விட்டு வெளியேறியிருந்தபோது ஒருவன் சைக்கிளைத் தூக்கிப்போனால் கேட்கலாம். ஒன்றுமில்லாத சாதாரண இரவில் தூக்கிப்போனால் அந்த அடிப்படைப் பாலிசியில் கேட்க முடியாது.

2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. கார்களும் பைக்குகளும் மிதந்ததைப் படம் பிடித்தார்கள்; சைக்கிள்களை யாரும் எண்ணவில்லை. வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு வைத்திருந்தவர் சைக்கிளுக்கும் கேட்டிருக்கலாம். ஆனால் தரைக்கீழ் வாகன நிறுத்தம் பாலிசியில் எழுதப்பட்ட இடத்துக்குள் அடங்குகிறதா என்பது எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டிய காரியம்.

திருட்டுக்காகத் தனியே கூடுதல் பிரீமியம் கட்டினாலும் ஒரு வார்த்தையில் தடுக்கி விழலாம். காப்பீட்டுப் பத்திரங்களில் வருவது பெரும்பாலும் வெறும் "திருட்டு" அல்ல; கன்னக்களவு, அதாவது பலாத்காரமாய் உள்ளே புகுந்தோ வெளியேறியோ செய்யும் களவு. யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாய்ச் சொல்லிவிட்டது: பாலிசியில் பலாத்காரமான நுழைவு என்று எழுதியிருந்தால், பூட்டு உடையாமல் சுவர் இடியாமல் நடந்த திருட்டுக்கு இழப்பீடு இல்லை, சாதாரணப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது முக்கியமல்ல, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். இதை அப்பார்ட்மெண்ட் வாசலில் வைத்துப் பாருங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு, தோளில் பையோடு ஒருவன் காவலாளியைக் கடந்து நடந்து வருகிறான். தூண்களுக்கு நடுவே நிற்கும் சைக்கிளில் ஏறிக்கொண்டு போகிறான். யாருடைய கதவும் உடையவில்லை. களவு நடந்தது; பத்திரத்தின்படி கன்னக்களவு நடக்கவில்லை. அந்த நாளில் முதலாவது சந்தேகிக்கப்படுகிறவன் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் காவலாளி. அவனும் பிழைக்க வந்த ஒருவன்தான். சைக்கிள் போன துக்கத்தில் அவன்மேல் பழிபோடும்முன் கேமராப் பதிவைக் கேளுங்கள்.

நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் நெடுங்காலமாய் விற்றுவந்த "ஹவுஸ்ஹோல்டர்ஸ்" பாலிசியில் பல பிரிவுகள் உண்டு. அவற்றில் ஒன்று மிதிவண்டிக்கானது. நகைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நடுவே யாரும் கவனிக்காமல் கிடந்த பிரிவு அது. தீ, திருட்டு, விபத்து ஆகியவற்றோடு, நம் சைக்கிள் மோதி அடுத்தவருக்கு நேரிடும் காயத்துக்குச் சிறு தொகை வரையிலும் அதில் இடம் இருந்தது. உங்கள் பகுதியிலுள்ள கிளைக்குச் சென்று, இப்படி ஒரு பிரிவைச் சேர்த்துத் தருவீர்களா என்று கேளுங்கள். முகவர் தாமாகச் சொல்லமாட்டார். அதில் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் ஒரு வேளைக் காபிக்கும் போதாது.

பழைய பிரிவானாலும், தனியார் நிறுவனங்களின் புதிய சைக்கிள் பாலிசியானாலும், விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் இருப்பதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். பந்தயத்தில் ஓட்டும்போது நேரிட்டது வழக்கமாய்ச் சேராது. தேய்மானம் சேராது. உதிரி பாகங்கள் மட்டும் திருட்டுப் போனால், சைக்கிளும் கூடவே போயிருந்தாலொழிய, பல பாலிசிகளில் பணம் இல்லை. விலையுயர்ந்த சைக்கிளிலோ, அரை நிமிடத்தில் கழற்றக்கூடிய சக்கரம் ஒன்றே ஒரு சாதாரணச் சைக்கிளின் விலை பெறும். பேட்டரி சைக்கிளில் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்குத்தான். திருடனும் அதை அறிவான். ஆகவே பேட்டரி உதிரி பாகமா, சைக்கிளின் அங்கமா என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

ஈஜிபுரா சகோதரிக்கு நான் வருத்தத்தோடு எழுத வேண்டியது இந்த இடத்தில்தான். வாடகைக்கு விடுவதும், கூலிக்காகப் பயன்படுத்துவதும் தனிநபர் சைக்கிள் காப்பீடுகளில் பொதுவாக விலக்கப்பட்டவை. சொந்த உபயோகம் என்று எழுதிப் பாலிசி வாங்கி, அதில் உணவு விநியோகம் செய்தால், நிறுவனம் மறுக்கும்போது நம் பக்கத்தில் நியாயம் இராது. காப்பீட்டு ஒப்பந்தம் முழு உண்மையின்மேல் நிற்கிற ஒப்பந்தம். கேட்டதற்குத் தப்பாய்ப் பதில் எழுதியிருந்தால் அஸ்திபாரமே இல்லை. யாருக்கு அந்தச் சைக்கிள் இல்லாமல் மறுநாள் அடுப்பெரியாதோ, அவருக்குத்தான் இந்தக் கதவு மிக இறுக்கமாய் அடைக்கப்பட்டிருக்கிறது. இது சரியென்று நான் சொல்லமாட்டேன். வணிக உபயோகம் என்று வெளிப்படையாய்ச் சொல்லி, அதற்கேற்ற பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தவணைக் கடன் கொடுத்த நிறுவனம் கடனோடு ஏதாவது காப்பீடு சேர்த்திருக்கிறதா என்று கடன் பத்திரத்தைப் பாருங்கள். சேர்த்திருந்தால் அது வண்டிக்கா, கடன் வாங்கினவரின் உயிருக்கா என்றும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு. வேலை கொடுக்கும் நிறுவனம் தரும் விபத்துக் காப்பீடும் பொதுவாக ஆளுக்குத்தான்.

யூலு போன்ற வாடகை வண்டியை எடுத்து வேலை செய்கிறவர்களுக்கு வண்டியின் மதிப்பைப் பற்றிய கவலை ஒருவிதத்தில் குறைவு, வண்டி நிறுவனத்தினுடையது. ஆனால் தொலைந்தால் யார் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பது நீங்கள் கைப்பேசியில் வாசிக்காமல் சம்மதம் அழுத்திய ஒப்பந்தத்தில் இருக்கிறது. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சொந்தமாய்ப் பேட்டரி சைக்கிள் வைத்திருக்கும் வாலிபர் சிலர், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணமே அது சைக்கிள் என்ற விலக்கை இழந்து, பதிவில்லாத, உரிமமில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனமாகிறது. அது ஒருவர்மேல் மோதினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மோதல் என்றவுடன் ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் சைக்கிள்மேல் கார் மோதி அது நொறுங்கினால், உங்களுக்குக் காப்பீடு இல்லாவிட்டாலும் காருக்கு இருக்க வேண்டும். தனியார் காரின் பாலிசியில், அடுத்தவர் பொருளுக்கு நேரிடும் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்ச ரூபாய் வரையிலும், இருசக்கர வாகனப் பாலிசியில் 1 லட்சம் வரையிலும் இடம் உண்டு. பிரீமியத்தில் சலுகைக்காக உடையவர் அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டிராவிட்டால். சாலையில் நின்று ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு சமாதானமாய்ப் போகிறவர்கள் இதை அறியாமல்தான் போகிறார்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, போலீசில் புகார் பதிவுசெய்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காயத்துக்கும் பொருள் சேதத்துக்கும் சேர்த்தே கேட்கலாம். மோதியவன் நிற்காமல் ஓடிவிட்டால் அரசின் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000-மும் உண்டு. சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சைக்கிளையும் ரயிலில் லக்கேஜாகப் பதிந்து அனுப்புகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு கணக்கை அறிந்திருக்க வேண்டும். மதிப்பை முன்கூட்டியே அறிவித்து, அதற்குரிய சதவீதக் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால், லக்கேஜுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய் என்று 1990-ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்திருக்கின்றன. பால்காரர் ஓட்டும் இருபது கிலோ இரும்புச் சைக்கிள் தொலைந்தால் 2,000 ரூபாய். மூன்று லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய எட்டுக் கிலோ கார்பன் சைக்கிள் தொலைந்தால் 800 ரூபாய்! எடை குறையக் குறைய விலை ஏறுகிற பொருளை அந்த விதி எழுதினவர்கள் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சைக்கிள் மிகுந்த பிற நாடுகள் இந்தச் சங்கடத்தை எப்படித் தீர்த்தன என்று பார்த்தால், பணத்தைக் கூட்டியல்ல, அடையாளத்தை உண்டாக்கியே தீர்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் விற்கப்படும் சைக்கிளின் ஃபிரேமில் எண் பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எண்ணைக் காட்டாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் பேசாது. நெதர்லாந்தில் அங்கீகரிக்கப்பட்ட பூட்டைப் போட்டிருக்க வேண்டும். சைக்கிள் போய்விட்டது என்று கேட்க வருகிறவர் அந்தப் பூட்டின் சாவிகளை ஒப்படைக்க வேண்டும். சாவி ஒன்று குறைந்தால், பூட்டிலேயே விட்டுப் போனீரோ என்ற கேள்வி வரும். ஜப்பானில் சைக்கிள் வாங்குகிறவர் திருட்டுத் தடுப்புப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1994 முதல் கடமை. அந்த நாட்டில் இன்னொன்றும் நடந்தது. 2008-இல் பதினோரு வயதுச் சிறுவன் சைக்கிளில் மோதி ஒரு பெண்மணி நினைவிழந்தார். 2013-இல் கோபே நீதிமன்றம் சிறுவனின் தாய் ஏறத்தாழ 9 கோடியே 50 லட்சம் யென் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2015-இல் ஹியோகோ மாகாணம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

நமக்கு அப்படிப்பட்ட ஏடு வரும்வரை, ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே அந்த ஏட்டை உண்டாக்க வேண்டியதுதான். இன்று இரவே சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சு செல்லும் இடத்தின் அடிப்புறத்தில் பெரும்பாலும் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். சேறு மூடியிருந்தால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். முழுச் சைக்கிளையும், நீங்கள் அதனருகே நிற்பதையும், கீறல், ஒட்டிய வில்லை போன்ற தனி அடையாளங்களையும் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால் தேதியும் பதிவாகிவிடும். பில்லில் ஃபிரேம் எண் இல்லையென்றால் கடைக்காரரிடம் எழுதி முத்திரையிட்டுக் கேளுங்கள்; வாங்கின வாரத்தில் கேட்டால் கொடுப்பார், இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் கடையே இருக்குமோ என்னவோ. இரண்டாம் கையாக வாங்கினால், விற்றவரின் கையெழுத்தோடு ஒரு சீட்டும், பணம் வங்கி வழியாய்ப் போன பதிவும் வேண்டும். பூட்டின் பில்லும் மாற்றுச் சாவியும் அந்த உறையிலேயே இருக்கட்டும்.

திருட்டுப் போய்விட்டால் முதலாவது போலீஸ் நிலையம், இரண்டாவது காப்பீட்டு நிறுவனம், இரண்டும் அன்றைக்கே. "சைக்கிளுக்கா வந்தீர்கள்?" என்று சிரிப்பவர் இருக்கலாம். பொறுமையாய், ஆனால் உறுதியாய் நில்லுங்கள். 1 ஜூலை 2024 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுக்குத்தான் இலகுவான வழி உண்டு. அதற்கு மேற்பட்ட மதிப்பென்றால் அது போலீசார் தாமே விசாரிக்க வேண்டிய குற்றம்; அப்படிப்பட்ட குற்றத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லியிருக்கிறது. எல்லை வேறு நிலையம் என்று அனுப்பிவிட முடியாது. எந்த நிலையத்திலும் பதியலாம். மின்னணு முறையில் புகார் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் பிரதி இலவசம். அது கன்னடத்தில் இருக்குமாதலால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் சென்று, ஃபிரேம் எண்ணும் மதிப்பும் சரியாய் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். "இ-லாஸ்ட்" என்ற செயலியில் பதிந்து வரும் ரசீது, தொலைந்த பொருளுக்கானது. தொலைந்தது வேறு, திருடப்பட்டது வேறு; அந்த ரசீதை வைத்துக்கொண்டு திருட்டுக்கு இழப்பீடு கேட்டால் நிற்காது.

சில வாரங்கள் கழித்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற போலீசாரின் இறுதி அறிக்கையை நிறுவனம் கேட்கும். கர்நாடகத்தில் இதை "சி ரிப்போர்ட்" என்பார்கள். இதற்காக அலைவதில் சோர்ந்துதான் அநேகர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: திருடன் பிடிபட்டு, மீட்ட சைக்கிள்களைப் போலீசார் வரிசையாய் நிறுத்தியிருக்கும் படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் உங்களுடையது நிற்கலாம். நீதிமன்றத்தில் உரிமையைக் காட்டினவனுக்குத்தான் அது திரும்பக் கிடைக்கும். கவிழ்த்துப் பார்த்து எடுத்த அந்த ஒரு படம் அங்கேயும் பேசும்.

நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமாகிவிட்டதே என்று கோரிக்கையைக் கைவிட வேண்டாம். குர்ஷிந்தர் சிங் வழக்கில், டிராக்டர் திருட்டுப் போனவர் போலீசில் உடனே புகார் செய்திருந்தார். நிறுவனத்துக்குச் சொன்னதோ 52 நாள் கழித்து. தாமதம் ஒன்றையே காரணமாக்கி உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்த்தது. அது மோட்டார் வாகன வழக்கு. ஆனாலும் உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். ஆவணங்கள் இல்லை என்ற ஒரே காரணத்தினால் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமும் 2024 ஜூனில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

மறுப்பு வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாயில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி. நகரில் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. பாலிசி, முதல் தகவல் அறிக்கை, மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளோடு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அவர் உங்களுக்குச் சாதகமாய்த் தீர்ப்பளித்தால், நிறுவனம் 30 நாட்களுக்குள் அதை நிறைவேற்றியாக வேண்டும்.